கழுவுதொட்டிக்கு வந்த கொர்பியேர்

நிரம்பிய கிளாஸை வெளிச்சத்துக்குப் பிடித்து, நிறம் பார்த்து, மூக்கை விட்டு மணந்து, அதற்குப் பிறகுதான் வைனைப் பற்றி எழுதத் தொடங்குவார்கள். எனக்கு அந்தக் கொடுப்பினை இருக்கவில்லை. என்னிடம் வந்தவையெல்லாம் மேசையிலிருந்து திரும்பிய கிளாஸ்கள். தொண்ணூறுகளின் நடுப்பகுதியில், தெற்குப் பிரான்ஸின் கர்கசோன் நகரத்தில், மேட்டில் நிற்கும் பழைய கோட்டைக்குக் கீழே இருந்த ஓர் உணவகத்தில் நான் பாத்திரம் கழுவினேன். பாரிஸுக்கு வந்த எங்கள் பெடியள் அநேகமாக லா ஷப்பெல்லைச் சுற்றித்தான் வேலை தேடுவார்கள். எனக்குத் தெரிந்த ஊர்க்கார அண்ணை ஒருவர் அந்தக் குசினியில் இரண்டாவது சமையல்காரராக இருந்தார். “இஞ்ச குளிர் குறைவு, வாடகையும் குறைவு, வாடாப்பா” என்று அவர் ரெலிபோனில் சொன்னதை நம்பி ரயிலேறினேன். குளிர் குறைவுதான். காற்றைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. மேற்கிலிருந்து அடிக்கும் அந்தக் காற்றுக்குச் செர்ஸ் என்று பெயர். அடிக்கத் தொடங்கினால் நாட்கணக்கில் ஓயாது.

கழுவுகிறவனுக்கு ஒரு வசதி உண்டு. சாப்பிட்டவர் பரிசாரகரிடம் என்ன புளுகினாலும் பிளேற் புளுகாது. எந்தச் சாப்பாட்டோடு எந்த வைன் ஒத்துப்போனது என்பதை நான் அந்தத் தொட்டியடியில்தான் படித்தேன். வினாகிரி விட்ட சலாதோடு போன சிவப்பு வைன் பாதிக்கு மேல் அப்படியே திரும்பி வரும். கூனைப்பூ என்று சொல்லப்படும் ஆர்ட்டிசோக் போன மேசையிலும் அதே கதை. அதைச் சாப்பிட்ட வாயில் எந்த வைனும் ஒரு கள்ள இனிப்பு இனிக்கும். கடற்கரை போகிற வழியில் கோட்டை பார்க்க இறங்கும் சுற்றுலாக்காரர், “இந்த ஊர்ச் சிவப்பு வைன்தான் வேண்டும்” என்று பிடிவாதமாகக் கேட்டு வாங்கிப் பொரித்த மத்தி மீனோடு குடிப்பார்கள். இரண்டும் மிஞ்சி வரும். வைனில் இருக்கிற சொற்ப இரும்பு மீன் எண்ணெயோடு சேர்ந்தால் வாயில் உலோக ருசி ஏறும் என்பது பிறகு வாசித்து அறிந்தது. அப்போது எனக்குத் தெரிந்ததெல்லாம், மத்தி வந்தால் கிளாஸ் கனக்கும் என்பது மட்டும்தான்.

கசூலே என்ற போஞ்சி விதை இறைச்சிச் சாப்பாடு போன மேசையிலிருந்து மட்டும் கழுவவே தேவையில்லாத பிளேற்றுகள் வரும். பாண் துண்டால் துடைத்து வழித்திருப்பார்கள். கிளாஸும் காய்ந்திருக்கும். இரவு முடிந்து அடுப்பைத் துடைக்கும்போது ஷெஃப் என்னைப் பார்த்து, “இன்றைக்கு என்ன மிஞ்சினது?” என்று கேட்பார். முதலில் பகிடி என்று நினைத்தேன். அடுத்த கிழமை மத்தி மீனுக்குப் பக்கத்தில் சிவப்புக்குப் பதிலாக ரோஸ் வைனைச் சிபாரிசு செய்து கரும்பலகையில் எழுதியிருந்தார்.

கசூலேயைப் பற்றிச் சொல்லாமல், பக்கத்துக் கொர்பியேர் நாட்டின் சிவப்பு வைனைப் பற்றிச் சொல்ல முடியாது. பெரிய வெள்ளைப் போஞ்சி விதையை இரவு முழுக்க ஊறவைத்து, ஒரு கொதி விட்டு, அந்தத் தண்ணீரைக் கொட்டுவது முதல் வேலை. பிறகு பன்றித் தோல், எலும்பு, உள்ளி போட்டுக் காய்ச்சிய சாறில் விதையைப் பதமாக வேகவைக்க வேண்டும். தன் கொழுப்பிலேயே மெல்லிய நெருப்பில் வெந்து, அதே கொழுப்பில் மாதக்கணக்காகப் பதப்பட்டுக் கிடந்த தாராக் கால், துலூஸ் சொசேஜ், பன்றித் துண்டுகள் எல்லாம் விதையோடு சேர்ந்து, வாய் அகன்று அடி ஒடுங்கிய மண் சட்டிக்குள் போகும். கசோல் என்கிற அந்தச் சட்டிதான் சாப்பாட்டுக்குப் பெயர் கொடுத்தது. போறணைக்குள் மணிக்கணக்காக வேகும்போது மேலே பொன்னிறமாக ஆடை கட்டும். அதை உடைத்து உள்ளே அமுக்கி விடுவார்கள். மறுபடி கட்டும், மறுபடி உடைப்பார்கள். ஏழு தரம் உடைக்க வேண்டும் என்பது சம்பிரதாயம். எங்கள் ஷெஃப் எண்ணி நான் பார்த்ததில்லை.

கஸ்தெல்நோதாரி, கர்கசோன், துலூஸ் ஆகிய மூன்று ஊர்களும் கசூலே தங்களுடையது என்று சண்டை பிடிக்கும். நூறாண்டுப் போரில் ஆங்கிலேயர் முற்றுகையிட்டபோது கஸ்தெல்நோதாரி மக்கள் மிஞ்சியிருந்ததையெல்லாம் ஒரே சட்டியில் போட்டுக் காய்ச்சிப் படைவீரருக்குக் கொடுத்தார்கள் என்று ஒரு கதை உண்டு. கறுப்பு இளவரசன் என்று பெயரெடுத்த ஆங்கில இளவரசனின் படை 1355இல் அந்த ஊரை எரித்தது உண்மை. ஆனால் இந்தப் போஞ்சி விதை அமெரிக்காவிலிருந்து ஐரோப்பாவுக்கு வந்தது 16ஆம் நூற்றாண்டில். அதை ஒருமுறை சொன்னதற்கு ஷெஃப் இரண்டு நாள் என்னோடு கதைக்கவில்லை. தான் கஸ்தெல்நோதாரிப் பக்கம் இல்லை, கொர்பியேர்க்காரன் என்று அடிக்கடி சொல்லிக்கொள்பவர் அவர். ஆனாலும் கசூலே என்று வந்துவிட்டால் ரோசம் எல்லாருக்கும் பொது.

இந்தச் சாப்பாட்டில் கொழுப்பு அதிகம், மா அதிகம், உப்பும் தாராளம். இதோடு மென்மையான, பழவாசம் மட்டும் வீசுகிற ஒரு வைனைக் கொடுத்தால் மூன்றாவது கவளத்தில் அது தோற்றுப்போகும். கொர்பியேர் தோற்காததற்குப் புளிப்பும் துவர்ப்பும் காரணம். துவர்ப்பைக் கொடுக்கும் தனின், வாயில் எச்சிலில் உள்ள புரதத்தைப் பிடித்துக்கொள்வதால்தான் நாக்கு வறளும். இறைச்சியும் கொழுப்பும் வாயில் இருந்தால் தனின் அவற்றோடு மல்லுக்கட்டப் போய்விடுகிறது, நாக்கு தப்பிவிடுகிறது. புளிப்பு கொழுப்பை வழித்துக்கொண்டு போகும். அடுத்த கவளம் முதல் கவளம் மாதிரியே ருசிக்கும். தவறணையில் பனங்கள்ளுக்கு உறைப்பான இறைச்சி வறுவலைத் தொட்டுக்கொள்கிறவருக்கு இந்தக் கணக்கை யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.

கர்கசோனுக்குக் கிழக்கே நார்பொன் வரைக்கும், தெற்கே பிரனே மலையின் முன்குன்றுகள் வரைக்கும் பரந்து கிடக்கிற கரடுமுரடான நாடுதான் கொர்பியேர். சுண்ணாம்புப் பாறை, அதற்கிடையில் புதர். தைம், ரோஸ்மேரி, பிசின் ஒட்டும் சிஸ்டஸ் செடி என்று வெயிலில் காய்ந்து மணக்கும் அந்தப் புதர்க்காட்டுக்குக் கரீக் என்று பெயர். வைனுக்குள்ளும் அந்த மணம் வருகிறது என்பார்கள். எனக்கு அதில் அரை நம்பிக்கைதான். ஆடு அதைத் தின்கிறது, அதே ஆட்டின் காலை அதே தைம் தூவி வாட்டுகிறார்கள் என்பதைக் கண்ணால் கண்டேன். அது போதும்.

கொர்பியேர் என்று போத்தலில் எழுத வேண்டுமென்றால் ஒரே இனப் பழத்தில் செய்ய முடியாது. கரினியான், கிரனாஷ், சிரா, மூர்வேத்ர் என்று கலந்தாக வேண்டும். 1985இல் இந்த வைனுக்கு ஊர்ப்பெயர் அங்கீகாரம் கிடைத்தது. அயலில் இருக்கிற ஃபித்துவுக்கு 1948இலேயே கிடைத்துவிட்டதை அங்கே இன்னும் பொறாமையோடு சொல்வார்கள். இந்த நாலு பழத்திலும் என் மனதுக்கு நெருங்கியது கரினியான். கிரனாஷ் உடம்பைக் கொடுக்கும், சிரா வாசனையைக் கொடுக்கும், கரினியான் முரட்டுத்தனத்தைக் கொடுக்கும். பிந்திப் பழுக்கும். புளிப்பு, துவர்ப்பு, நிறம் எல்லாம் அளவுக்கு மிஞ்சி இருக்கும். நல்ல மண்ணில் விட்டால் கொத்துக் கொத்தாய்க் காய்த்துத் தள்ளும். அதுதான் அதன் புகழையும் கெடுத்தது. மலிவு வைன் வேண்டுமா, கரினியான் நடு என்று நட்டு நட்டு, 1960களில் பிரான்ஸிலேயே அதிகம் பயிரான சிவப்புப் பழமாக அது ஆனது.

ஷெஃப்பின் தகப்பனாரிடம் ஒரு துண்டு கரினியான் தோட்டம் இருந்தது. பூத்நாக் என்ற ஊருக்குப் பக்கத்தில். உணவகம் பூட்டியிருக்கும் நாட்களில் ஷெஃப் என்னையும் அண்ணையையும் அங்கே கூட்டிப்போவார். அறுவடைக் காலத்தில் கூலிக்கும் போனோம். கம்பி கட்டிப் படரவிட்ட கொடிகளைத்தான் அதுவரை ரயிலில் இருந்து பார்த்திருந்தேன். பெரியவரின் கொடிகள் கம்பி இல்லாமல், முழங்கால் உயரத்தில், முறுக்கேறிய கட்டைகளாகத் தனித்தனியே நின்றன. கிண்ணம் போல வெட்டி வளர்க்கும் பழைய முறை அது. அறுவடை மெசின் அதற்குள் நுழையாது. குனிந்து, இலையை விலக்கி, கத்தரியால் குலையை வெட்ட வேண்டும். மற்ற இனமெல்லாம் வெட்டி முடிந்த பிறகுதான் கரினியானுக்கு ஆள் கூப்பிடுவார்கள். முதுகு விடுமுறை கேட்கத் தொடங்கும் நேரம் அது.

வெட்டிய குலைகளை நசுக்காமல், காம்போடு, முழுசாகத் தொட்டியில் போட்டுக் கரியமில வாயுவால் நிரப்பி மூடுவார்கள். பழத்துக்குள்ளேயே நொதிப்புத் தொடங்கும். இந்த முறையில் செய்தால் கரினியானின் துவர்ப்புத் தணிந்து பழச்சுவை மேலே வரும். ஊர்க் கூட்டுறவு ஆலையில் இதை எனக்குக் காட்டியவர் பெரியவர்தான். தான் வீட்டுக்கு வைத்துக்கொண்டது பழைய முறையில் செய்ததை. “பல்லில்லாதவர்களுக்கு அது, எனக்கு இது” என்றார். அவருக்கே பல் அதிகம் இருக்கவில்லை.

மதியச் சாப்பாட்டுக்கு, முந்திய வருடம் கவாத்துப் பண்ணிக் கட்டி வைத்த திராட்சைக் குச்சிகளை எரிப்பார். சுள்ளென்று பற்றி, சீக்கிரம் தணலாகும். அதில் ஆட்டு விலா எலும்புத் துண்டுகளை உப்பும் தைமும் மட்டும் தடவி வாட்டுவார். கொழுப்புச் சொட்டிப் புகை எழும்பும்போது எடுத்துவிட வேண்டும். வைனைக் கிணற்றடி நிழலில் வைத்துக் குளிரப் பண்ணியிருப்பார். சிவப்பு வைனை அறைச் சூட்டில் குடி என்று சொன்ன காலத்தில் அறைகளில் ஹீற்றர் இருக்கவில்லை, பதினாறு பதினேழு பாகைதான் அறைச் சூடு. தெற்கத்திக் கோடையில் முப்பது பாகையில் வைத்துக் குடித்தால் சாராய நெடிதான் மூக்கில் ஏறும். அந்த விலா எலும்பும் அந்தக் குளிர்ந்த கொர்பியேரும் சேர்ந்ததை மிஞ்சிய ஜோடி ஒன்றை நான் இதுவரை சாப்பிடவில்லை. கசூலேயைக்கூட அதற்கு அடுத்துத்தான் வைப்பேன். ஷெஃப் இதை வாசிக்கப் போவதில்லை என்பதால் எழுதுகிறேன்.

சாப்பிட்டு முடிந்தால் பெரியவர் 1907க்குப் போய்விடுவார். அவர் பிறப்பதற்கு முந்திய சங்கதி, ஆனால் அவருடைய பாட்டனார் கண்டது. ஃபிலொக்செரா பூச்சி 19ஆம் நூற்றாண்டின் பின்பாதியில் கொடிகளின் வேரைத் தின்று நாட்டையே மொட்டையாக்கியது. அமெரிக்க வேரில் ஒட்டுக்கட்டித் தோட்டங்களை மீட்டார்கள். மீட்ட பிறகு வைன் கூடிப்போனது. அல்ஜீரியாவிலிருந்தும் வந்து குவிந்தது. போதாததற்கு வியாபாரிகள் தண்ணீரும் சீனியும் கலந்து வைன் என்று விற்றார்கள். விலை விழுந்தது. அர்ஜெலியே என்ற கிராமத்தில் கபே நடத்திக்கொண்டு தோட்டமும் செய்த மார்செலின் அல்பேர் என்பவர் 1907 மார்ச் 11 அன்று 87 பேரோடு நார்பொனுக்கு நடந்தார். ஞாயிற்றுக்கிழமைதோறும் கூட்டம் பெருகியது. ஜூன் 9 அன்று மொம்பெலியே நகரத்தில் ஐந்து லட்சம் பேருக்கு மேல் திரண்டார்கள். நார்பொனில் படை சுட்டது, சனம் செத்தது. அதைக் கேள்விப்பட்ட 17ஆம் காலாட்படை, எல்லாரும் அந்தப் பக்கத்துப் பிள்ளைகள், கலகம் செய்து துப்பாக்கியோடு பெசியே நகரத்துக்குள் வந்து குந்தினார்கள். பிறகு அவர்களைத் துனீசியாவுக்கு அனுப்பினார்கள். பிரதமர் கிளமான்சோவைச் சந்திக்கத் தனியாகப் பாரிஸுக்குப் போன அல்பேருக்கு, திரும்பிப் போக ரயில் காசென்று நூறு பிராங்க் கொடுக்கப்பட்டது. கிளமான்சோ அதைப் பத்திரிகைக்காரரிடம் சொல்லிவிட்டார். ஊர் திரும்பியபோது அல்பேர் விலைபோனவர் ஆகியிருந்தார்.

“அந்த நூறு பிராங்கை வாங்கியிருக்கக் கூடாது” என்பார் பெரியவர். கிட்டத்தட்டத் தொண்ணூறு வருடம் கடந்தும் கோபம் அடங்கவில்லை. காட்டிக்கொடுத்தது யார், காசு வாங்கியது யார் என்ற பேச்சு எங்களுக்கும் புதிதில்லை. அண்ணை என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். பெரியவர் எங்களுக்கு இன்னொரு கிளாஸ் ஊற்றினார்.

1976 மார்ச்சில் நார்பொனுக்குப் பக்கத்தில் மோந்த்ரதோனில் விவசாயிகளும் பொலிசும் சுட்டுக்கொண்டதில் பக்கத்துக்கு ஒருவராக இரண்டு பேர் இறந்தார்கள். அன்று பெரியவர் அங்கே நின்றார். அதைப் பற்றி மட்டும் ஒன்றும் சொல்லமாட்டார்.

குளிர்காலம் தொடங்கினால் காட்டுப்பன்றி வரும். வேட்டைக்காரர் குசினிப் பின்கதவில் தட்டுவார்கள். இறைச்சியை ஒரு போத்தல் கொர்பியேரில், வெங்காயமும் கரட்டும் பிரியாணி இலையும் சேர்த்து ஊறவைத்து, அந்த வைனிலேயே அவித்து, கடைசியில் இரத்தம் விட்டுக் குழம்பைத் தடிப்பாக்குவார்கள். சிவே என்று பெயர். இரத்தத்தைக் கொதிக்கவிட்டால் திரிந்துவிடும் என்று மற்றப் பையன்கள் பயந்து நிற்பார்கள். ஆட்டு இரத்த வறை சுண்டிப் பழகிய அண்ணையின் கை ஒருநாளும் பிசகியதில்லை, அந்த வேலையை ஷெஃப் அவரிடமே விட்டுவிட்டார். மேசையில் என்ன வைன் வைப்பது என்ற கேள்வியே இல்லை. சட்டிக்குள் போனதுதான் கிளாஸுக்குள்ளும். ஆனால் இன்னும் இரண்டு மூன்று வருடம் முதிர்ந்ததாக இருந்தால் நல்லது, காட்டு இறைச்சியின் நெடிக்குத் தோலும் காளானும் மணக்கிற பழைய வைன் பொருந்தும். மத்திக்கு ஆகாத சிவப்பு வைன், நார்பொனுக்குப் பக்கத்துப் பாஜ் ஏரிக் கரையில் விலாங்கு மீனுக்கு ஆகும் என்பதையும் அங்கேதான் கண்டேன். விலாங்கில் இறைச்சி அளவுக்குக் கொழுப்பு. அதைச் சிவப்பு வைனிலேயே காய்ச்சுகிறார்கள்.

பாலாடைக்கட்டிக்குச் சிவப்பு வைன் என்ற பொதுப் பேச்சை நான் நம்புவதில்லை. உலர்ந்த செம்மறிப்பால் கட்டிக்கும், சற்று முற்றிய பெலார்தோன் ஆட்டுக் கட்டிக்கும் சரி. ரொக்ஃபோர் என்றால் உப்பும் நீலப் பூஞ்சையும் கரினியானின் துவர்ப்போடு சேர்ந்து கைக்கும். அந்தக் கட்டிக்கு, தெற்கே ரூசியோனில் செய்கிற மோரி, பன்யூல்ஸ் போன்ற இனிப்புச் சிவப்பு வைன்கள் இருக்கின்றன. சொக்கலேற் கேக்குக்கும் அவைதான்.

எங்கள் கறிக்கு? எல்லாரும் என்னிடம் கேட்பது இதைத்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணை குசினி ஆட்களுக்கு யாழ்ப்பாணத் தூள் போட்டு ஆட்டிறைச்சிக் கறி வைத்தார். ஷெஃப் தன் நல்ல கொர்பியேரைத் திறந்தார். அது பதினாலு வீதச் சாராயம் இருக்கிற வைன், அண்ணையின் உறைப்போ அண்ணையுடையது. சாராயம் மிளகாயின் எரிவைக் கிளப்பிவிட, எரிந்த நாக்கில் தனின் கசந்தது. ஷெஃப் கண்ணீரோடு, “இரண்டுமே நல்லது, தனித்தனியாக” என்றார். அதற்குப் பிறகு பல தரம் பார்த்துவிட்டேன். செத்தல் மிளகாய் முன்னுக்கு நிற்கும் கறிக்கு இந்த வைன் ஒத்துவராது. பிடிவாதமாகச் சிவப்புத்தான் வேண்டுமென்றால் சான்சோ என்ற பழத்தில் செய்த மெல்லிய வைனையோ, அந்தப் ‘பல்லில்லாதவர்களின்’ கொர்பியேரையோ நன்றாகக் குளிரவைத்துக் குடிக்கலாம். மிளகுக் கறி வேறு விசயம். சிராவில் இருக்கும் ரொட்டண்டோன் என்ற சேர்மம்தான் மிளகுக்கும் மிளகு மணத்தைக் கொடுக்கிறது. சிரா கூடிய கொர்பியேரும் மிளகு போட்டுப் பிரட்டிய ஈரலும் ஊரும் உறவும் போலச் சேரும். இரத்த வறைக்கும் தாராளமாகக் குடிக்கலாம், மிளகாயைக் கொஞ்சம் பிடித்துப் போட்டால்.

நான் பாரிஸுக்குத் திரும்பி வந்து, வேறு வேலைக்கு மாறி, கனகாலம். பெரியவர் இல்லை. ஷெஃப் ஓய்வு எடுத்துவிட்டார், வருடத்துக்கு ஒருதரம் கதைப்போம். பிரான்ஸில் 1960களில் ஓர் ஆளுக்கு வருடம் 120 லீற்றருக்கு மேல் ஓடிய வைன், இப்போது அதில் மூன்றில் ஒரு பங்குதான். குடிக்க ஆளில்லை, மழையும் இல்லை, கொடியைப் பிடுங்கினால் அரசு காசு கொடுக்கிறது. பிடுங்கிய நிலத்தில் புதர் ஏறுகிறது. 2025 ஆகஸ்டில் ரிபோட் கிராமத்தில் தொடங்கிய தீ கொர்பியேரில் பத்தாயிரம் ஹெக்டேயருக்கும் மேல் தின்றது. முன்பு கொடித்தோட்டங்கள் தீயை மறித்து நின்றன, இப்போது மறிக்க ஆளில்லை என்று ஷெஃப் ரெலிபோனில் கத்தினார். என்னைத் திட்டுவது போலவே இருந்தது.

பெரியவரின் தோட்டத்தில் பாதி முன்பே பிடுங்கப்பட்டுவிட்டது. மீதியை ஓர் இளம் சோடி குத்தகைக்கு எடுத்து, கரினியானை மட்டும் தனியாகப் போத்தலில் அடைக்கிறார்கள். ஒரே பழம் என்பதால் கொர்பியேர் என்று எழுத முடியாது. விலையோ, அந்தக் காலத்தில் எங்கள் உணவகத்தில் கசூலேயும் வைனும் சேர்த்துக் கொடுத்த விலையை விட அதிகம். பின்பக்க லேபிளில் புறாவும் கறுப்பு ட்ரஃபிளும் பொருத்தமான உணவுகள் என்று அச்சிட்டிருக்கிறார்கள். ஷெஃப் ஒரு போத்தல் அனுப்பியிருந்தார், தொட்டியடிக்காரனின் அபிப்பிராயம் வேண்டுமாம்.

நான் வெள்ளைப் போஞ்சி விதையை ஊறப்போட்டேன். பன்றித் தோலுக்கு அலைந்து, தாராக் கால் டின்னில் வாங்கி, போறணையை நாள் முழுக்க எரியவிட்டேன். மனைவி மேலே கட்டிய ஆடையைக் கரண்டியால் உடைத்துப் பார்த்து, “இதுக்குத் தூள் ஒண்டும் போடேல்லையே?” என்று கேட்டா. இல்லை என்றேன். தன் பங்கை வேறு சட்டிக்கு மாற்றி, செத்தல் மிளகாயும் பெருஞ்சீரகமும் கறிவேப்பிலையும் தாளித்துக் கொட்டினா. வைன் தனக்கு வேண்டாம் என்றா. அது சரியான முடிவுதான். முழுப் போத்தலும் எனக்கே மிஞ்சியது.